வரவும் செலவும்: அம்மாவின் சீட்டுப் பணமும் பையனின் கிராபிக்ஸ் கார்டும்

இந்தப் பகுதியில் புளி வாங்குவதைப் பற்றி எழுதியிருக்கிறேன். பட்டுப் புடவை வாங்குவதைப் பற்றி எழுதியிருக்கிறேன். கிரைண்டர், குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார் எல்லாம் வந்து போயாகிவிட்டன. கம்ப்யூட்டரில் விளையாடுவதற்கான கிராபிக்ஸ் கார்டு வாங்குவதைப் பற்றி எழுத நேரும் என்று சொப்பனத்தில்கூட நினைக்கவில்லை. ஆனால் நம் வீடுகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஆசைகள் இருக்கின்றன. அந்த ஆசைகளுக்குப் பணம் வருவதோ பெரும்பாலும் அம்மாக்களின் அஞ்சறைப் பெட்டியிலிருந்துதான். ஆகவே இதுவும் நம் விஷயமே.

திருமழிசையில் எங்கள் தெருவுக்கு ஒரு விசேஷம் உண்டு. ஜகந்நாதப் பெருமாள் கோயில் மணியும் பெங்களூர் நெடுஞ்சாலை லாரிகளின் ஹாரனும் ஒரே சமயத்தில் காதில் விழும். 2025-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இரண்டு சத்தத்துக்கும் நடுவே எதிர் வீட்டுப் பெண் கையில் ஒரு காகிதத்துடன் வந்தாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க. இது என்ன, தங்கத்திலேயா செஞ்சிருக்கு?"

காகிதத்தில் அவள் பையனின் முத்துப் போன்ற கையெழுத்து: "கிராபிக்ஸ் கார்டு, 16 ஜி.பி. - ரூ. 48,000."

அவளிடம் இருந்தது சீட்டு எடுத்த பணம் 50,000 ரூபாய். மாதா மாதம் கட்டிய சீட்டு. சமையலறைத் தளம் இரண்டு வருஷமாக ஒழுகுகிறது. ஐப்பசி மழைக்குள் அதைச் சரி செய்ய வேண்டும் என்பது அவள் எண்ணம். ஆனால் அவள் வீட்டுக்காரர், பையன் இன்ஜினீயரிங் முதல் வருஷத்தில் ஒரு பாடத்திலும் தோற்காமல் வந்தால் நல்ல கார்டு வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். பையனும் தோற்காமல் வந்துவிட்டான். இப்போது தளம் ஒரு பக்கம், வாக்கு ஒரு பக்கம்.

"படிப்புக்கு வேணுமாம்மா?" என்று பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இல்லை பெரியம்மா, விளையாடத்தான்" என்றான், ஒளிவு மறைவில்லாமல்.

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. "படிப்புக்குத்தான்" என்று அம்மாவை ஏய்க்கிற பிள்ளைகள் ஏராளம். விளையாட்டு ஒன்றும் குற்றமல்ல. நமக்கு ஒரு வாரம் தொடர்கதை வராமல் போனால் எப்படி இருக்கிறது? செலவு விளையாட்டுக்கு என்று தெரிந்துவிட்டால் எவ்வளவு செலவழிக்கலாம் என்று நேர்மையாகக் கணக்குப் போடலாம். அந்தக் கணக்கைத்தான் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து போட்டோம். அதை இங்கே சொல்கிறேன்.

கல்யாண வீட்டுச் சமையல்

முதலில் இந்தச் சாமான் என்ன வேலை செய்கிறது?

கம்ப்யூட்டரின் பிராசஸர் என்பது வீட்டு எஜமானி மாதிரி. பால்காரனுக்குக் கணக்கு, குழந்தைக்குச் சாப்பாடு, மாமனாருக்கு மருந்து எல்லாவற்றையும் புத்திசாலித்தனமாகப் பார்த்துக் கொள்வாள். ஆனால் ஆயிரம் பேருக்குக் கத்தரிக்காய் நறுக்கச் சொன்னால் அவளால் ஆகாது. அதற்குக் கல்யாண சமையல்காரரின் கோஷ்டி வேண்டும். நூறு பேர் உட்கார்ந்து ஒரே வேலையை ஒரே சமயத்தில் செய்வார்கள். கிராபிக்ஸ் கார்டு அந்தக் கோஷ்டி. அதற்குள் ஆயிரக்கணக்கான சிறு கணக்குப்பிள்ளைகள் இருக்கின்றன.

அப்படி என்ன கணக்கு? சாதாரணமாக வீடுகளில் இருக்கும் 1080 பி திரையில், குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு படத்திலும் அத்தனை புள்ளிக்கும் நிறம் தீர்மானிக்க வேண்டும். பையனின் மானிட்டர் வினாடிக்கு 75 முறை படத்தை மாற்றிக் காட்டும் ரகம். ஆக, ஒரு வினாடிக்கு 15 கோடியே 55 லட்சம் புள்ளிகள்! சினிமாவில் வினாடிக்கு 24 படம் போதும். அங்கே நாம் சும்மா பார்க்கிறோம். விளையாட்டில் கையும் கண்ணும் சேர்ந்து ஓடுகின்றன; ஆகவே 60 படமாவது வேண்டும் என்கிறார்கள்.

இதிலிருந்து முதல் பாடம் கிடைத்துவிட்டது: கார்டை வைத்துத் திரையல்ல, திரையை வைத்துத்தான் கார்டு. 1440 பி என்ற திரையில் 36,86,400 புள்ளிகள். 4கே திரையில் 82,94,400. அதாவது 1080 பி-யைப் போல் நான்கு மடங்கு. நான்கு மடங்கு புள்ளிக்கு வேலை செய்யும் கார்டை வாங்கிச் சிறிய திரையில் மாட்டுவது, நாலு பேர் குடும்பத்துக்கு அண்டாவில் சாதம் வடிப்பது போல.

ஒரு படத்துக்கு என்ன விலை?

காய்கறிக்காரரிடம் நாம் கூடையின் விலையைக் கேட்பதில்லை. கிலோவின் விலையைக் கேட்கிறோம். கிராபிக்ஸ் கார்டுக்கும் அப்படி ஒரு நிறுவை உண்டு. கார்டின் விலையை, அது வினாடிக்குக் காட்டும் படங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

பையனிடம் பென்சிலைக் கொடுத்துப் போடச் சொன்னேன். உதாரணத்துக்கு மூன்று கார்டுகள். 12,000 ரூபாய்க் கார்டு ஓர் ஆட்டத்தில் 24 படம் காட்டினால் படம் ஒன்றுக்கு 500 ரூபாய். 27,000 ரூபாய்க் கார்டு 75 படம் காட்டினால் 360 ரூபாய். 48,000 ரூபாய்க் கார்டு 100 படம் காட்டினால் 480 ரூபாய்.

"பார்த்தாயா, மலிவானது மலிவாக இல்லை" என்றேன்.

"பெரியம்மா, இன்னொன்று" என்றான் பையன், தலையைச் சொறிந்துகொண்டே. "என் மானிட்டர் 75-க்கு மேலே காட்டாது. அப்போ அந்த 48,000-ஐ 75-ஆல்தான் வகுக்கணும். 640 ரூபாய் வருது."

எதிர் வீட்டுப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கணக்கு தன் பக்கம் பேசாவிட்டாலும் அதைச் சொல்கிற பிள்ளை நல்ல பிள்ளை.

இந்தப் படக் கணக்கைக் கடைக்காரர் வாய்மொழியாகக் கேட்காதீர்கள். ஒரே ஆட்டத்தைப் பல கார்டுகளில் ஓட்டி அளந்து காட்டும் விமரிசகர்கள் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளை எந்த ஆட்டங்களை ஆடுகிறானோ, அவற்றுக்கு, உங்கள் வீட்டுத் திரை அளவுக்கு, இரண்டு மூன்று பேர் அளந்ததைப் பார்த்துக் குறித்துக் கொள்ளச் சொல்லுங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சில வருஷங்களாகக் கார்டுகள் தாமாகவே நடுவில் படங்களைக் கற்பித்துச் செருகுகின்றன. இரண்டு நிஜப் படங்களுக்கு நடுவே ஒன்று, 2025-இல் வந்த என்விடியா ரகங்களில் ஒன்றுக்கு மேலும்கூட. 2025 ஜனவரியில் அந்தக் கம்பெனியின் தலைவர் ஜென்சன் ஹுவாங், தமது புதிய 5070 கார்டு பழைய உச்ச ரகமான 4090-க்கு ஈடாக ஓடும் என்று மேடையில் சொன்னாரே, அது இப்படிச் செருகிய படங்களையும் சேர்த்து எண்ணிய கணக்கு. பார்வைக்கு வழவழப்பாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கை அசைவுக்குக் கார்டு பதில் சொல்லும் வேகம் நிஜப் படங்களால்தான் வரும். பாலில் தண்ணீர் சேர்த்தால் டம்ளர் நிறையும். காப்பியின் ருசி தெரிந்துவிடும். ஆகவே செருகாத படக் கணக்கையே கேளுங்கள்.

ஒரே பெயரில் இரண்டு சரக்கு

பெயர்களும் எண்களும்தான் நம்மைக் குழப்புகின்றன. ஆனால் ஒரு சிறு சூத்திரம் போதும். ஆர்.டி.எக்ஸ். 4060 என்றால், முதல் இரண்டு இலக்கம் எந்தத் தலைமுறை என்று சொல்லும். கடைசி இரண்டு இலக்கம் அந்தத் தலைமுறையில் எந்த அந்தஸ்து என்று சொல்லும். புதுத் தலைமுறை என்பதற்காகச் சின்ன அந்தஸ்து பெரியதாகிவிடாது. 2020-இல் வந்த 3060 டி.ஐ.யும் 2023-இல் வந்த 4060-உம் வேகத்தில் ஏறக்குறைய சமம்தான். மின்சாரம் குறைவாகத் தின்பதும் சில புது வித்தைகளுமே புதியதன் லாபம்.

அதைவிட ஜாக்கிரதை வேண்டியது, ஒரே பெயரில் விற்கும் இரண்டு சரக்கு. ஜி.டி. 1030 என்ற சிறு கார்டு 2017-இல் வேகமான நினைவகத்துடன் வந்தது; 2018-இல் அதே பெயரில் மெதுவான நினைவகத்துடன் இன்னொன்று வந்தது. இரண்டாவது மிகவும் மந்தம். ஆர்.டி.எக்ஸ். 3050-இல் 8 ஜி.பி. ஒன்று, 2024-இல் வந்த 6 ஜி.பி. ஒன்று; வித்தியாசம் நினைவகத்தில் மட்டுமல்ல, கணக்குப்பிள்ளைகளின் எண்ணிக்கையிலும்கூட. 5060 டி.ஐ.யிலும், ஏ.எம்.டி. கம்பெனியின் 9060 எக்ஸ்.டி.யிலும் 8 ஜி.பி., 16 ஜி.பி. என்று இரண்டு உண்டு. விலையைக் கேட்கும்போது பெயரோடு ஜி.பி.யையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த ஜி.பி. என்பது என்ன? சமையல் மேடை. நறுக்கியதும் அரைத்ததும் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் வேலை ஓடும். மேடை போதாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் உக்கிராண அறைக்கு ஓட வேண்டும்; ஆட்டம் திக்கித் திக்கி நிற்கும். இன்றைக்கு 1080 பி திரையில் அமைப்புகளை நடுத்தரமாக வைத்துக் கொண்டால் 8 ஜி.பி. மேடை பெரும்பாலான ஆட்டங்களுக்குப் போதும். புதிய பெரிய ஆட்டங்களை உச்ச அலங்காரத்துடன் ஆட வேண்டும், அல்லது பெரிய திரை வாங்கும் உத்தேசம் இருக்கிறது என்றால் 12, 16 என்று பார்க்க வேண்டியதுதான்.

ஆனால் மேடை மட்டும் பெரிதாக இருந்து சமையல்காரர்கள் நாலே பேர் என்றால்? அப்படியும் விற்கிறார்கள். இதைச் சொல்லும்போதுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிய வந்தது.

"இப்போது உன் கம்ப்யூட்டரில் என்ன கார்டு இருக்கிறது?" என்று பையனைக் கேட்டேன்.

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவன் பிறந்த நாளுக்கு அவன் அப்பா, இரவு ஷிப்டுகள் கூடுதலாகப் பார்த்துச் சேர்த்த பணத்தில், யாருக்கும் சொல்லாமல் ஒரு கார்டு வாங்கி வந்தார். டப்பாவில் "4 ஜி.பி." என்று பெரிதாகப் போட்டிருந்தது. பக்கத்தில் இருந்ததில் 2 ஜி.பி. என்று போட்டிருந்ததாம், நாலு பெரிதல்லவா என்று இதை எடுத்தார். அதுவோ 2014-இல் வெளிவந்த பழைய ரகம்; அலுவலகக் கம்ப்யூட்டருக்கு இரண்டாவது திரை மாட்டுவதற்குச் சரி, ஆட்டத்துக்கு ஆகாது.

"நீ ஒண்ணும் சொல்லவே இல்லையேடா!" என்றாள் அவன் அம்மா.

"எப்படிம்மா சொல்றது? திரையைச் சின்னதாக்கி, அலங்காரமெல்லாம் எடுத்துட்டு, பழைய ஆட்டமா பார்த்து ஆடினேன். அப்பா வந்து பார்த்தா 'நல்லா ஓடுதுப்பா'ன்னு சொல்லிட்டேன்."

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. நான் எழுந்து போய்க் காப்பி கலந்து கொண்டு வந்தேன்.

பெட்டியைத் திறந்து பாருங்கள்

கடைக்குக் கிளம்பும் முன் வீட்டில் செய்ய வேண்டிய காரியங்கள் மூன்று உண்டு.

ஒன்று, எஸ்.எம்.பி.எஸ். என்கிற மின்சாரப் பெட்டியைப் பார்ப்பது. இதைப் பார்க்காமல் கார்டு வாங்குவது, வீட்டு ஒயரிங்கைப் பார்க்காமல் ஏ.சி. வாங்குவது போல. தாய்ப்பலகையின் துவாரத்திலிருந்து கார்டுக்கு 75 வாட் வரைதான் கிடைக்கும். 3050-இன் 6 ஜி.பி. ரகம் போல 70 வாட்டில் முடிகிற கார்டுக்கு அது போதும். அதற்கு மேற்பட்டவைக்குத் தனி ஒயர் வேண்டும். 115 வாட் தின்னும் 4060-க்கு 550 வாட் பெட்டி வேண்டும் என்பது அதைச் செய்த கம்பெனியின் சிபாரிசு. பையனின் கம்ப்யூட்டரில் இருந்தது பெயர் தெரியாத "450 வாட்" பெட்டி. கார்டுக்கான ஒயரும் அதில் இல்லை. ஸ்டிக்கரில் போட்ட வாட்டை எல்லாம் நம்பிவிடக் கூடாது. '80 பிளஸ்' முத்திரையும் நல்ல கம்பெனிப் பெயரும் உள்ளதாக வாங்க வேண்டும். இந்தச் செலவைக் கார்டின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

இரண்டு, இன்ச் டேப். தையல் பெட்டியில் இருப்பதே போதும். பெட்டிக்குள் கார்டுக்கு எவ்வளவு நீளம் இடம் இருக்கிறது என்று அளந்து மில்லிமீட்டரில் எழுதிக் கொள்ளுங்கள். மூன்று விசிறி வைத்த கார்டை வாங்கி வந்து, மூடி மூடாமல் தவித்தவர்கள் உண்டு.

மூன்று, பிராசஸரின் வயது. எஜமானி தள்ளாத வயதில் இருந்தால் நூறு சமையல்காரர் வந்தும் பந்தி நகராது. இன்டெல் கம்பெனி 2024 டிசம்பரில் ஆர்க் பி 580 என்று 12 ஜி.பி. கார்டு ஒன்றை அமெரிக்காவில் 249 டாலருக்குக் கொண்டு வந்தது. விலைக்கு நல்ல சரக்கு. ஆனால் பழைய பிராசஸரோடு சேர்ந்தால் அது சோபிப்பதில்லை. புதிதாக உள்ள கம்ப்யூட்டருக்கே பொருத்தம். அதே போல ஏ.எம்.டி.யின் 6500 எக்ஸ்.டி., 2022-இல் வந்தது, பழைய தாய்ப்பலகையில் மாட்டினால் வேகம் இன்னும் குறையும். பொண்ணும் மாப்பிள்ளையும் தனித்தனியே நல்லவர்களாக இருந்தால் மட்டும் போதுமா? ஜாதகமும் பொருந்த வேண்டுமே.

தக்காளியும் கார்டும்

2020-ஆம் வருஷம் மே மாதத்தில், கொரோனாவை முன்னிட்டுக் கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டை எங்கள் திருமழிசைக்கு மாற்றினார்கள். செப்டம்பர் கடைசியில் அது திரும்பிப் போகிற வரை, லாரி வரத்தைப் பார்த்தே தக்காளி விலையைச் சொல்ல எங்கள் தெருப் பெண்களெல்லாம் கற்றுக் கொண்டோம். கிராபிக்ஸ் கார்டும் தக்காளி மாதிரிதான்.

அதே 2020-இன் கடைசியிலிருந்து உலகமெங்கும் கார்டு விலை தாறுமாறாக ஏறிற்று. சில்லுத் தட்டுப்பாடு ஒரு காரணம். இன்னொரு காரணம், ஈதர் என்ற கண்ணுக்குத் தெரியாத நாணயம். கார்டுகளை நூற்றுக்கணக்கில் அடுக்கி, இரவு பகலாகக் கணக்குப் போடச் சொன்னால் அந்த நாணயம் கூலியாகக் கிடைத்தது. 2021 ஜனவரியில் 329 டாலர் என்று அறிவித்த 3060 கார்டு, அந்த விலைக்குக் கண்ணிலேயே படவில்லை. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி ஈதரின் முறை மாறி, கார்டுகளுக்கு அந்த வேலை இல்லாமல் போயிற்று. அப்புறம் உழைத்துக் களைத்த கார்டுகள் பழைய சாமானாகச் சந்தைக்கு வந்து கொட்டின. 2025-இன் கடைசியிலோ செயற்கை அறிவு யந்திரங்கள் நினைவகச் சில்லுகளை விழுங்க ஆரம்பித்து, நினைவக விலை ஏறியது. ஆகவே "நேற்று இத்தனை ரூபாய் என்றார்களே" என்பது இந்தச் சரக்கில் செல்லாது. அன்றைய விலையை அன்றைக்கே பார்க்க வேண்டும்.

அமெரிக்க டாலர் விலையை ரூபாயாக்கிக் கொண்டு கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அங்கே சொல்கிற விலையில் வரி சேராது. இங்கே 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. உண்டு, நடுவில் கைமாறுகிறவர்களின் லாபமும் உண்டு.

ரிச்சி தெருவில்

அடுத்த வாரம் மூவரும் பூந்தமல்லியில் பஸ் மாறி ரிச்சி தெருவுக்குப் போனோம். அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருக்கிற தெரு. ஒரு காலத்தில் ரேடியோ உதிரிபாகங்களுக்குப் பெயர் போனது. இன்று டில்லி நேரு பிளேசுக்கு அடுத்தபடி என்று சொல்லிக் கொள்ளும் எலெக்ட்ரானிக் சந்தை. நரசிங்கபுரம் தெருவும் அதோடு சேர்ந்தது. குறுகலான சந்தில் மனிதரும் மோட்டார் சைக்கிளும் டீ டம்ளரும் ஒன்றோடொன்று மோதாமல் போகிற அதிசயத்தை அங்கேதான் பார்க்கலாம்.

புறப்படும் முன்பே பையன், ஆன்லைன் கடைகள் இரண்டின் அன்றைய விலையைக் குறித்து வைத்திருந்தான். முதல் கடையில், வானவில் வர்ணத்தில் விளக்கு எரிகிற கார்டைக் காட்டினார்கள். அதே எண், அதே ஜி.பி.; விலை 4,000 அதிகம். விளக்குக்கும் விசிறிக்கும் அந்த 4,000. மார்கழிக் கோலத்துக்கு வர்ணம் போடலாம், மூடிய பெட்டிக்குள் எதற்கு? இரண்டாவது கடையில், "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்றார்கள். கார்டுகளுக்குப் பல கம்பெனிகள் மூன்று வருஷ உத்தரவாதம் தருகின்றன; பில் இல்லையென்றால் அந்த மூன்று வருஷத்தைத்தான் நாம் விற்றுவிடுகிறோம். மூன்றாவது கடைக்காரர்தான் வயசான மனுஷர். விலை சொல்லும் முன், "மானிட்டர் என்ன தம்பி? எஸ்.எம்.பி.எஸ். என்ன?" என்று கேட்டார். நல்ல டாக்டர் மருந்து எழுதும் முன் நாடி பார்ப்பது போல! அங்கேயே வாங்கினோம். 115 வாட் ரகம், 8 ஜி.பி. கார்டு 27,000, நல்ல மின்சாரப் பெட்டி 4,500. ஆக 31,500. பில்லில் கார்டின் சீரியல் எண்ணை எழுதச் சொல்லி, டப்பாவிலும் கார்டிலும் உள்ள எண்ணோடு ஒத்துப் பார்த்துக் கொண்டோம்.

நடுவில் பையனின் சிநேகிதன் ஒருவன் போன் செய்து, தெரிந்தவரிடம் பழைய கார்டு பாதி விலைக்கு இருப்பதாகச் சொன்னான். பழையது வாங்கக் கூடாது என்பதில்லை. வாங்குகிற முறை தெரிய வேண்டும். உத்தரவாதம் மீதி இருக்கிறதா, பில் இருக்கிறதா, மூடியின் திருகாணியைக் கழற்றிய அடையாளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விற்கிறவர் வீட்டிலேயே அரை மணி நேரம் ஆட்டம் ஓட்டி, சூடு ஏறுகிறதா, விசிறி முனகுகிறதா, திரையில் புள்ளி புள்ளியாக வருகிறதா என்று கவனிக்க வேண்டும். பழைய கார்டுக்குப் புதுப் பெயர் எழுதி விற்கிற போலிகளும் உண்டு, ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருள் பல போலிகளைக் காட்டிக் கொடுத்துவிடும். இத்தனையும் செய்ய முடியாது என்றால் புதியதே உத்தமம்.

இன்னொரு கணக்கு, மின்சாரம். தினம் மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்தில் 180 மணி. 115 வாட் கார்டு அதற்குள் சுமார் 21 யூனிட் தின்னும். பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஆர்.எக்ஸ். 580, 185 வாட், 33 யூனிட். ஆர்.டி.எக்ஸ். 3080 என்றால் 320 வாட். 57 யூனிட்டுக்கு மேல். 2025-இல் நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். எனவே மலிவாக வந்த பெரிய கார்டு, பில்லில் மெல்ல மெல்ல வட்டி வாங்கும்.

வீட்டுக்கு வந்து டப்பாவைப் பிரிக்கும்போது ஆரம்பம் முதல் முடிவு வரை போனில் படம் எடுத்து வைத்துக் கொண்டோம். பின்னால் "நீங்களே உடைத்தீர்கள்" என்று யாரும் சொல்ல முடியாது. உத்தரவாதத்தில் தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது; எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம்

பையன் புதுக் கார்டை மாட்டிக் கொண்டிருந்தான். அவன் அப்பா இரவு ஷிப்டுக்குக் கிளம்பி, டிபன் பெட்டியோடு வாசல்படியில் நின்று பார்த்தார். மேசை மேல், துணியில் துடைத்துச் சுற்றி வைத்த பழைய கார்டு.

"அது என்ன ஆச்சு? கெட்டுப் போச்சா?" என்றார்.

பையன் திரும்பவில்லை. "கெட்டுப் போகலைப்பா. இந்த ஆட்டத்துக்குப் பத்தாது, அவ்வளவுதான்."

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அன்னிக்குக் கடையிலே நாலுன்னு போட்டிருந்ததைப் பார்த்தேன். விலையைப் பார்த்தேன். உனக்குத் தெரியாம வாங்கணும்னு ஒரு ஆசை. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"நானும் சொல்லியிருக்கணும்பா" என்றான் பையன்.

இந்தப் பகுதியில் நான் எழுதுகிற ஆயிரம் யோசனைகளை விட இந்த இரண்டு வாக்கியமும் மேல் என்று எனக்குத் தோன்றிற்று. உபயோகிக்கப் போகிறவரைக் கேட்காமல் வாங்குகிற சாமான், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலை அதிகம்தான். புடவைக்கும் அப்படியே, மிக்ஸிக்கும் அப்படியே, கிராபிக்ஸ் கார்டுக்கும் அப்படியே.

பழைய கார்டு வீணாகவில்லை. அவர்கள் அதை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டிக் கொடுத்தார்கள். இரண்டாவது திரை ஒன்று வைத்துக் கொண்டு இந்தக் கட்டுரையை அதில்தான் எழுதுகிறேன். சீட்டுப் பணத்தில் மீந்தது 18,500 ரூபாய். புரட்டாசியில் சமையலறைத் தளத்தைப் பூசினார்கள். ஐப்பசி மழையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை என்று எதிர் வீட்டுப் பெண் வந்து சொன்னாள்; சொல்லும்போது கையில் ஒரு கிண்ணம் பருப்புப் பாயசம்.

"பையன் எப்படி இருக்கிறான்?" என்றேன்.

"உள்ளே ஆடிக்கிட்டிருக்கான் அக்கா. அவங்க அப்பாவும் பக்கத்துலே உட்கார்ந்து ஆடறார். இனிமே ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிடறதுதான் எனக்கு வேலை!"